ஏறி வா என்று முறுக்கிய கயிறு

கடல் இன்னும் ஒரு காத தூரம் தள்ளிக் கிடந்த காலம் அது, கேளுங்கள். முத்துக் குளிக்கும் ஊர் ஒன்றில் வலம்புரியாள் என்று ஒருத்தி இருந்தாள்.

அவள் புருஷன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். படகில் நிற்கும் மைத்துனன் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பான். தங்கையின் தாலி தன் கையில் இருக்கும்போது எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? அதனால்தான் அந்த வழக்கம்.

மைத்துனன் விடமாட்டான், சரி. கயிறு விட்டுவிட்டால்? அந்தக் கவலையில் வலம்புரியாள் பனைநாரை ஊறவைத்துத் தட்டி, தன் கையாலேயே முப்புரிக் கயிறு ஒன்று முறுக்கினாள். ஒவ்வொரு முறுக்குக்கும் "ஏறி வா, ஏறி வா, ஏறி வா" என்று மூன்று தரம் சொன்னாள். பால்போல் கிடந்த விடியற்காலைக் கடலில் அவன் இறங்கினான். இறங்கிய நாளெல்லாம் ஏறி வந்தான்.

அவளுக்குப் பிறகு மகன்கள் இருவரும் கயிற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பெரியவன் தன் பாதியைச் சந்தனப் பெட்டியில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிட்டான். சின்னவன் தன் பாதியைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். வருடா வருடம் நைந்த நாரை உருவிவிட்டு, "ஏறி வா" என்று சொல்லிப் புது நாரைச் சேர்த்து முறுக்கினான். அவன் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள்.

மூன்று தலைமுறை போயிற்று. பெரியவன் வழியில் சேந்தன் வந்தான். சின்னவன் வழியில் கோவன் வந்தான். மூன்று வருடமாகக் கடல் கைவிரித்திருந்தது. இரண்டு வீட்டிலும் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

அப்போது ஆழத்தில் புதிதாக ஒரு முத்துப் படுகை தெரிந்தது. அரசன் கரைக்கு வந்தான். வலம்புரியாள் கயிறு கட்டியவன் மூழ்கிச் செத்ததில்லை என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். "அந்தக் கயிறு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கே படுகை" என்றான்.

சேந்தன் பெட்டியைத் திறந்தான். கரையெல்லாம் சந்தனம் மணத்தது. கோவன் கொண்டுவந்த ஈரக் கயிற்றில் மீன்தான் மணத்தது.

"ஆத்தா கை பட்ட நார் ஒண்ணே ஒண்ணு இதுல காட்டு, பார்ப்போம்!" என்று சேந்தன் சிரித்தான்.

கோவன் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றுகூட இல்லை.

"படுகை சேந்தனுக்கே" என்றான் அரசன். "இப்போதே உன் தங்கை புருஷனை இறக்கு. முதல் சிப்பியை நான் பார்க்க வேண்டும்."

படகு பனிமூட்டத்துக்குள் போனது. கடல் மூச்சுவிடாமல் படுத்திருந்தது. மாப்பிள்ளை மருதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் மிதந்தான். சேந்தன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். அவன் உள்ளங்கையில் நார் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அது உதிர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் படுகை அவனுடையது. கரையில் தங்கை கண்மேல் கைவைத்துப் பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருதன் ஒரு மூச்சு இழுத்தான். இரண்டாம் மூச்சு இழுத்தான். மூன்றாவதை இழுக்க வாயைத் திறந்தான்.

"ஏறி வாங்க மாப்பிள்ளை! ஏறி வாங்க! ஏறி வாங்க!" என்று சேந்தன் அலறினான்.

கரைக்குத் திரும்பியதும் சேந்தன் அரசனிடம் கையை விரித்துக் காட்டினான். "ராசா, இது கும்பிடத்தான் ஆகும். உசிரை நம்பிக் கட்ட ஆகாது. ஆத்தா கயிறு கோவன்கிட்டதான் இருக்கு."

கோவன் ஓடிவந்து தன் கயிற்றை நீட்டினான். "அண்ணே, மாப்பிள்ளைக்கு இதைக் கட்டுங்க. ஆத்தா சொன்ன சொல்லை இன்னைக்கு நீங்களும் சொல்லிட்டீங்களே!"

அரசன் படுகையை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக்கினான். அன்று சாயங்காலம் கோவன் ஒரு முனையைப் பிடிக்க, சேந்தன் உட்கார்ந்து நார் முறுக்கினான். அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒருவன் கை கொப்பளித்தது. அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது: "ஏறி வா, ஏறி வா, ஏறி வா."

முன்னோர் கைவேலை பெட்டிக்குள் கிடந்தால் இற்றுப்போகும். நம் கையும் அதில் பட்டால்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.