ஒரே மூச்சில் திட்டிய மன்னர்

நெடுங்கோட்டை மன்னர் செழியவர்மருக்கு அரண்மனைக் கொள்முதல் பார்த்தவன் நான், திருமேனி. மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கி, கத்திக் கத்திப் பேரம் பேசி மேலே வந்தவன். படிப்பு கிடையாது. கோபம் தாராளமாக உண்டு. மிளகாய்த் தூசி ஏறிய நெஞ்சில் இரைப்பும் உண்டு. சண்டை என்று வந்தால் என் வார்த்தை முன்னால் ஓடும். மூச்சு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். எதிராளியே தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பான்.

மன்னருக்கும் நெஞ்சு கெட்டிருந்தது. பல வருடப் பாசறைப் புகை. கோபம் வந்தால் "அடேய்..." என்பார். அதோடு மூச்சு தீர்ந்துவிடும். மீதியை அமைச்சர் மருதவாணர் தாமே ஊகித்துத் தண்டனை எழுதுவார். யாருக்கு என்ன தண்டனை என்பது அவர் இஷ்டம்.

நான்தான் மலையடிவாரத்திலிருந்து பவளாயி என்ற வைத்தியரை அழைத்து வந்தேன். அந்த அம்மா மருந்தே தரவில்லை.

"மூக்கால இழுங்க. சுடுகஞ்சியை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு, மெதுவா, நீளமா விடுங்க. தினம் மூணு வேளை. மூச்சு நீளும்" என்றார்.

மன்னரும் தவறாமல் ஊதினார். மாதம் ஒன்று போயிற்று. சபையில் மருதவாணர் எழுந்தார்.

"மன்னா! இருமல் போகவில்லை. இரைப்பும் போகவில்லை. ஊதினால் நோய் போகும் என்று ஏமாற்றிய இவளை நாடு கடத்த வேண்டும். கூட்டி வந்த இந்த மிளகாய் வியாபாரியையும்!"

மன்னர் என்னைப் பார்த்தார். பழக்கதோஷம், சுருக்கமாகத்தான் பேசினார். "உச்சி முரசுக்குள் நிரூபி. இல்லையேல் இருவரும் வெளியே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ் அமைச்சரே! அந்த அம்மா நோய் போகும்னா சொன்னாங்க? மூச்சு நீளும்னுதானே..."

அவ்வளவுதான். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பாருங்கள், வைத்தியத்தின் லட்சணத்தை!" என்றார் மருதவாணர். சபை சிரித்தது.

பவளாயி என் காதருகே வந்தார். "நீங்க பயிற்சி செஞ்சீங்களா?"

"இல்லைம்மா. அடுத்தவங்களுக்கு வாங்கித் தர்றதுதான் என் வேலை."

"மூச்சையும் வாங்கிட்டேதான் இருக்கீங்க. எப்போ விடுவீங்க? கிட்டங்கியில பழைய மூட்டை அடைஞ்சு கிடந்தா, புதுச் சரக்கை எங்க இறக்குவீங்க?"

மண்டிக்காரனுக்கே மண்டிப் பாடம்! வெட்கமாகப் போயிற்று. ஆனால் புத்தி விழித்துக்கொண்டது. மூச்சு நீளும் என்பதுதானே பேச்சு? நீளத்தைக் காட்டினால் போதுமே!

உச்சிவேளை நெருங்கி, முரசுக்காரன் கோலைக் கையில் எடுத்துவிட்டான். நான் சபை நடுவே போய் நின்றேன்.

"மன்னா, இவ்வளவு ஆன பிறகு ஒளிப்பானேன்? உங்க மீசைக் கறுப்பு பிறவிக் கறுப்பு இல்லை. மாசாமாசம் மை வாங்கி வர்றது நான்தான்!"

மன்னர் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"அடேய் திருமேனி, நன்றி கெட்டவனே, புளி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே தும்மிக்கொண்டிருந்த உன்னை இழுத்து வந்து பட்டு உடுத்தி உட்கார வைத்தால் என் மீசையையே சந்தைக்குக் கொண்டுவருகிறாயா, உன் வாயைத் தைத்து, கழுதை மேல் ஏற்றி, எட்டுத் தெருவும் சுற்றவைத்து, கடலில் தள்ளச் சொல்கிறேன் பார்!"

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து நீளமாக ஒரு ஊது ஊதினார்.

நான் சாஷ்டாங்கமாக விழுந்தேன். "மன்னா, நடுவுல எங்க மூச்சு வாங்கினீங்க?"

மன்னர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"போன மாசம் 'அடேய்' வரைக்கும்தான் வந்தீங்க. இன்னைக்குக் கடல் வரைக்கும் போயிட்டீங்க!"

மன்னர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இருமல் இருக்கும், மன்னா" என்றார் பவளாயி. "கெட்ட நெஞ்சு புதுசாகாது. இருக்கிறதை வச்சு நல்லாப் பிழைக்கலாம். பயிற்சியை நிறுத்தினா மறுபடி 'அடேய்'தான்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவருக்கு அளித்தார். "மருதவாணரே, இனி என் தண்டனைகளை நானே சொல்லி முடிப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மீசைக் குற்றத்துக்குத் தண்டனை: நீயும் தினம் மூன்று வேளை மூச்சு விடு. அரச கட்டளை!"

வெளியே வரும்போது மருதவாணர் என் கையைப் பிடித்தார். "திருமேனி, இன்று நான் பட்ட அவமானத்தைப் பற்றி ஊருக்குள் மூச்சு விடாதே, அப்பா!"

"மன்னிக்கணும் ஐயா. தினம் மூணு வேளை விட்டே ஆகணும். அதுவும் நீளமா!"