லண்டன் அடுப்பு

குன்னூர்ச் சந்தைக்குப் பின்னால், பழைய பார்பிக்யூ அடுப்புகளை வாங்கிப் புதுசாக்கி விற்கிறவள் பிலோமினா. துருவேறிக் கிடந்த பெரிய அடுப்பொன்றைத் தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து வாசலில் வைத்திருந்தாள். அது விற்றால்தான் கடை வாடகை.

எஸ்டேட் முதலாளி வரதராஜுலு காரிலிருந்து இறங்கினார்.

“இது எங்க பங்களாவில திருடு போன அடுப்பு. எங்க தாத்தா லண்டன்ல இருந்து கப்பல்ல கொண்டுவந்தது. வண்டியில ஏத்து.”

கூட்டம் கூடிவிட்டது. பிலோமினா பதறவில்லை.

“மூடி மட்டும் உங்களதா ஐயா, இல்லே முழுசுமா?”

“முழுசும்தான். ஒரு ஆணிகூட மாத்தலை. எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏத்திரலாம்” என்று அடுப்பைக் கவிழ்த்தாள். ஓட்டை விழுந்த அடிப்பாகத்துக்கு அவள் எண்ணெய் டிரம்மை வெட்டித் தகடு போட்டிருந்தாள். அங்கே இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ‘சுத்தமான கடலை எண்ணெய், விருதுநகர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “வர்ற வழியில கப்பல் அங்கே நின்னிருக்கும்.”

“விருதுநகர்ல கடல் எங்கே ஐயா இருக்கு?”

சிரிப்பு அடங்குவதற்குள் கார் போய்விட்டது. கூட்டத்தில் நின்ற ஓட்டல்காரர் ஒருவர் அங்கேயே அடுப்பை விலை பேசி முடித்தார். அந்த எழுத்தின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்கக் கூடாதாம்.