ஜீப்பில் நடந்தவர்கள்

மண் ரோட்டில் ஜீப் குதித்துக் குதித்து ஓடிய காலம் அது. சுகாதார ஆய்வுத் தலைவர் டாக்டர் நீலமேகம், காலடி எண்ணும் கருவியைத் தன் குழுவில் எல்லோர் இடுப்பிலும் மாட்டிவிட்டார்.

“தினம் பத்தாயிரம் அடி நடக்காதவனுக்கு இங்கே வேலை கிடையாது!”

“நாள் முழுக்க வண்டி ஓட்டுறேன், எப்பய்யா நடக்கிறது?” என்றார் டிரைவர் சவரிமுத்து.

“நானும் உன்கூடத்தானே அலையறேன்? எனக்குப் பதினோராயிரம்!”

மறுநாள் கூட்டத்தில் சவரிமுத்துவின் கருவியும் பதினோராயிரம் காட்டியது.

“பலே! எங்கேய்யா நடந்தே?”

“நீங்க நடந்த இடத்துலதான்யா, ஸ்டீயரிங்கை விடாம. ஜீப் குதிக்கிற ஒவ்வொரு பள்ளத்துக்கும் கருவியில நாலு அடி ஏறுது.”

கூட்டம் சிரித்தது. அடுத்த ஊர் எல்லையில் டாக்டர் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தார். வேலை தப்பிய சவரிமுத்து மெல்லப் பின்னால் ஓட்டிப்போனார்.

இன்று அங்கே தார் ரோடு. உட்கார்ந்தபடியே அடி ஏற்றித் தந்த அந்தப் பள்ளங்களை நினைத்தால் சவரிமுத்துவுக்கு இப்போதும் ஏக்கம்தான்.