உள்பக்கம் திறந்த கதவு

எல்லாரும் வந்தாயிற்றா? உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும் சாத்தாதீர்கள், திறந்தே கிடக்கட்டும். நான் சொல்லப் போவது ஒரு கதவின் கதை. சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே மருதங்காவல் என்ற நாட்டை வீரகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். கொடுங்கோலன் என்று சொல்ல மாட்டேன். தன் முகத்தின் மேல் தீராத ஆசை கொண்டவன், அவ்வளவுதான். அந்த ஆசை என்ன செய்தது என்று கேளுங்கள்.

அந்த ஊர்ச் சந்தை வெட்டவெளியில் நடந்தது. மழை பெய்தால் உப்பு கரைந்தது. வெயில் அடித்தால் வெற்றிலை வாடியது. "சந்தைக்கு ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன்" என்றான் அரசன். சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

விடங்கர் என்ற பெருந்தச்சரை வரவழைத்தான். கட்டடம் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்த நாட்டில் ஆள் கிடையாது. கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல், தெற்கே தலைவாசல் என்று மூன்று வாசல் வைத்து முறையாகத்தான் கட்டினார்.

சுவர் எழும்பியதும் அரசன் பார்க்க வந்தான். "கிழக்கு வாசலை அடைத்துவிடும். நான் போரில் வென்ற காட்சியை, தெருவில் போகிறவன் பார்க்கும்படி அங்கே தீட்ட வேண்டும்" என்றான். அது தவறு என்று விடங்கருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். அரசனின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "தங்கள் சித்தம்" என்றார்.

அரசன் மறுபடி வந்தான். "மேற்கு வாசலையும் அடைத்துவிடும். என் திருமணக் காட்சிக்கு இடம் வேண்டும்." விடங்கர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "தங்கள் சித்தம்" என்றார்.

மூன்றாம் முறையும் வந்தான். தலைவாசல் கதவைப் பார்த்து முகம் சுளித்தான். "இது வெளிப்பக்கமாகத் திறக்கிறதே! நான் வரும்போது கதவு என் முகத்துக்கு எதிரே வருவதா? நான் கை வைத்ததும் அது விலகி வழிவிட வேண்டும். உள்பக்கம் திறக்கும்படி மாற்றும்." கூட்டம் நெருக்கினால் உள்ளே திறக்கும் கதவு என்ன ஆகும் என்று விடங்கருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "தங்கள் சித்தம்!"

உப்பு விற்கும் நாச்சிதான் அடைத்த கிழக்கு வாசலின் முன்னே வண்டியை நிறுத்திக் கத்தினாள். "ஏன்யா, இத்தனை சனமும் ஒரே வாசல்ல எப்படிப் போறது, வாறது? நாங்க மனுசங்களா, பட்டியில அடைக்கிற ஆடா?"

அரண்மனைக் காவலர்கள் சிரித்தார்கள். "சுவத்துல ராசா முகம் இருக்கு. கும்பிட்டுட்டு நடையைக் கட்டு" என்றார்கள்.

திறப்பு விழா வந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கட்டடத்துக்குள் முதலில் உப்பு போக வேண்டும். அப்புறம் நடுவில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்கும் வரை காற்று புகக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுவார்கள். பொங்கியதும் பெண்கள் குலவையிட, கட்டுவித்தவன் வெளியிலிருந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைவான்.

"நான் அதுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்றாள் நாச்சி.

அவள் கணவன் சாத்தன் நல்லவன், யார் மனமும் நோகப் பொறுக்காதவன். "உப்பு போகலேன்னா நல்ல காரியம் நின்னுடும்டி. பால் பொங்கினதும் வந்துடறேன்" என்று சொல்லி, உப்புப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். ஊரே பின்னால் போனது. கதவைச் சாத்தினார்கள்.

அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து, விற்கக் கொண்டு வந்திருந்த பஞ்சு மூட்டையில் விழுந்தது. புகை மண்டியது. அத்தனை பேரும் கதவை நோக்கி ஓடினார்கள். முன்னே நின்றவர்கள் கதவை உள்ளே இழுக்க வேண்டும், பின்னே வந்தவர்களோ அவர்களைக் கதவோடு சேர்த்து நெருக்கினார்கள். எப்படித் திறக்கும்?

உள்ளே அலறல். வெளியே அரசன் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, "குலவை பலமாக இருக்கிறதே" என்று மகிழ்ந்தான். கதவைத் தள்ளினான். அசையவில்லை. இடுக்கில் புகை வந்த பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

நாச்சி ஓடி வந்தாள். "கிழக்குச் சுவத்தை இடிக்கச் சொல்லுங்க! பூச்சு இன்னும் காயலே!"

"அதில் என் படம்..." என்று இழுத்தான் அரசன். உள்ளே உயிர் போகிறது, இவனுக்குப் படம்! பக்கத்தில் விடங்கர் நின்றிருந்தார். வாயைத் திறந்தார். அரசனின் முகத்தைப் பார்த்தார். அப்போதும் மூடிக்கொண்டார்.

நாச்சி யாருக்கும் காத்திருக்கவில்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டு, உப்பு மூட்டைகளோடு வண்டியைத் தள்ளினாள். அரசனின் பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கைப் போட்டுவிட்டு வந்து கை கொடுத்தார்கள். முதல் இடியில் சுவர் விரிசல் விட்டது. இரண்டாம் இடியில் அரசனின் தலை உதிர்ந்தது, படத்தில் இருந்த தலையைச் சொல்கிறேன். மூன்றாம் இடியில் வழி பிறந்தது. சனங்கள் இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் வெளியே கொட்டினார்கள்.

சாத்தன் வரவில்லை. தலைவாசல் கதவுக்குப் பின்னே, நெரிபட்டு இறந்தவர்களோடு அவனும் கிடந்தான். உடைந்த பானையும் உப்பும் அவனைச் சுற்றிக் கிடந்தன.

மறுநாள் சபை கூடியது. "இந்தக் கதவு ஆளைக் கொல்லும் என்று உமக்குத் தெரியுமா?" என்று அரசன் கேட்டான்.

"தெரியும் அரசே" என்றார் விடங்கர். அன்றைக்குத்தான் அவருக்கு வாய் திறந்தது.

"இவர் தலையை வாங்குங்கள்!"

நாச்சி எழுந்தாள். "அவரு வாயை மூடினாரு. நீங்க வாசலை மூடினீங்க. வாங்கறதுன்னா ரெண்டு தலையையும் வாங்கணும் மவராசா."

அரசன் அரியணையை விட்டு இறங்கி வந்து சொன்னான்: "தாயே, என் முகம் இருந்த இடத்தில் உன் கணவன் முகத்தைத் தீட்டச் சொல்கிறேன்."

"இன்னுமா உங்களுக்குச் சுவரு வேணும்?" என்று அவள் சீறினாள். "எம்புருசன் மூஞ்சி எனக்கு மறக்காது, படம் எதுக்கு? அந்த இடத்துல வாசல் வையுங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்."

அரசன் தலை வாங்கும் பேச்சை விட்டான். விடங்கரே கடப்பாரை எடுத்து அடைத்த வாசல்களைத் திறந்தார். எல்லாக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். அதன் பிறகு அந்தச் சந்தைக்கு யார் வந்தாலும், அரசனே வந்தாலும், கதவு திறக்க ஓரடி பின்வாங்கித்தான் நிற்க வேண்டும். வீரகண்டன் சாகும் வரை அப்படித்தான் நின்றான்.

ஊருக்காகக் கட்டுகிற இடத்தை, கட்டுவிப்பவனின் பெருமைக்காகக் கட்டாமல், உள்ளே இருப்பவனின் உயிருக்காகக் கட்ட வேண்டும் என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.