கம்ப்யூட்டர் கொடுத்த வாய்தா

இந்தக் கதையைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. பொய் சொல்வதற்கு வேண்டிய அளவு யோசிக்கக்கூடியவரும் அல்ல. நம்பாததற்குக் காரணம் வக்கீல்கள் மேல் எனக்கிருந்த மரியாதைதான். வயது ஏற ஏற அந்த மரியாதை குறைந்துகொண்டே வந்தது; கதை நடந்திருக்கலாம் என்ற எண்ணம் கூடிக்கொண்டே வந்தது. இன்றைக்கும் முழுக்க நம்புகிறேனா என்று என்னையே கேட்டால் சட்டென்று பதில் வராது. ஆனாலும் கேட்டபடியே சொல்கிறேன்.

எருக்கம்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் வக்கீல் குஞ்சிதபாதத்தின் ஆபீஸ். அவருக்குக் கீழே இரண்டு ஜூனியர்கள். ஒருவர் வேதாசலம். அவர் சேர்ந்தபோது மீசை கறுப்பாக இருந்தது, இப்போது வெள்ளை. மீசை மாறியதே தவிர பதவி மாறவில்லை. இன்னொருவன் பூங்குன்றன். சீனியர் சொல்லி முடிப்பதற்குள் ‘ஆமாம் சார்’ சொல்லிவிடுவது அவனுடைய திறமை. எனக்குக் கதை சொன்னவர் வேதாசலம்.

அந்த வருஷம் ஆபீஸில் ஒரே ஒரு அவசரமான கேஸ். சிங்காரவடிவு என்ற அம்மாள் மாவு மில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் சபாநாயகம். மில் சத்தத்தில் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று கேஸ் போட்டார், ஜெயித்தார். மில்லை மூட வேண்டும் என்று தீர்ப்பு. அப்பீல் போடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அதைத் தவறவிட்டால் மில்லுக்குப் பூட்டு.

சிங்காரவடிவு வேதாசலத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதனால் அவருக்கு இரட்டிப்புக் கவலை. கேஸ் தோற்றால் கட்சிக்காரர் முகத்தில் விழிக்க வேண்டாம், அது தொழிலில் சகஜம். அக்கா முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான், இனிமேல் காகிதத்தை நீட்டினால் வாங்கமாட்டோம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்று கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. கூடவே ‘சட்ட அலுவலகங்களில் தொழில்நுட்பம்: அறிமுகப் பயிற்சி’ என்று ஒரு வகுப்பும் வந்தது. சொல்லித்தர நஸ்ரீன் என்ற பெண் வந்தாள். திங்கட்கிழமை காலையில் புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். மூன்று வக்கீல்களும் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் எழுந்து நின்றார்கள்.

“உக்காருங்க சார்.”

“அது இன்னும் உக்காரச் சொல்லலையேம்மா,” என்றார் குஞ்சிதபாதம்.

ஒருவழியாக உட்கார வைத்தாள். முதல் வேலையாக, திரையில் வந்த நிபந்தனைகளுக்குக் கீழே ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று இருந்ததை அழுத்தச் சொன்னாள்.

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றினார். “படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதேன்னு காலமெல்லாம் கட்சிக்காரனுக்குச் சொல்லிட்டு, இப்ப நானே போடறதா?”

“எல்லாரும் அப்படியேதான் சார் அழுத்துவாங்க.”

“அதனாலதான் எல்லாரும் அப்புறம் எங்கிட்ட வர்றாங்க.”

எல்லாவற்றையும் அச்செடுத்தார்கள். ஒரு மூட்டை வந்தது. அன்று முழுவதும் பூங்குன்றன் படிக்க, வேதாசலம் அர்த்தம் சொல்ல, சீனியர் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். தகராறு வந்தால் கம்பெனி இருக்கும் தூர தேசத்துக் கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘எருக்கம்பட்டு முன்சீப் கோர்ட்’ என்று எழுதி, மூன்று பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள்.

மறுநாள் நஸ்ரீன் கேட்டாள். “இப்பவாவது அழுத்தலாமா சார்?”

“பதில் வரட்டும்மா.”

“வெள்ளிக்கிழமை அப்பீல் இருக்கு சார்,” என்று வேதாசலம் மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

சீனியர் யோசித்தார். பிறகு எழுந்து நின்று, கம்ப்யூட்டரைப் பார்த்து, “ஆட்சேபணையோடு ஒத்துக்கொள்கிறோம்,” என்று கணீரென்று சொன்னார். “பூங்குன்றா, நீ சாட்சி.”

“ஆமாம் சார்.”

அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினார்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. “இது யாருக்கும் தெரியக் கூடாது,” என்று நஸ்ரீன் அழுத்திச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

“யாருக்கும்னா?” என்றார் வேதாசலம்.

“யாருக்கும்னா யாருக்கும்தான்,” என்றார் சீனியர். “எனக்குத் தெரிஞ்சா நாளைக்கு என்னைக் கூண்டுல ஏத்திக் கேப்பான். தெரியும்னா சொல்லித்தானே ஆகணும்?”

“அப்ப எனக்கும் தெரியக் கூடாது.”

“நீ வாய் நீளம். உனக்குக் கண்டிப்பா தெரியக் கூடாது.”

ஆகவே மூன்று பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டினார்கள். அதையே இரண்டாம் முறையும் தட்டச் சொல்லுமே என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். அவர்களுடையது அந்த மாதிரிச் சந்தேகப்படாத இயந்திரம் என்றார் வேதாசலம். என் முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

நஸ்ரீன் திரும்பி வந்து, “பாஸ்வேர்டு போட்டுட்டீங்களா?” என்றாள்.

“போட்டாச்சு. யாருக்கும் தெரியாது,” என்றார் சீனியர் பெருமையாக.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சற்றுத் தெளிந்த பிறகு, “பரவாயில்லை. கீழே ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ன்னு கேட்கும். அதை அழுத்துங்க,” என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மறக்கலையேம்மா,” என்றார் வேதாசலம். “தெரிஞ்சிருந்தாத்தானே மறக்கிறதுக்கு?”

“மறந்துட்டேன்னு சொன்னா பொய் வாக்குமூலம்,” என்றார் குஞ்சிதபாதம். “தொழில் போயிடும்.”

“ஆமாம் சார்,” என்றான் பூங்குன்றன்.

“நான் அழுத்துறேன் சார். பாவம் என்னைச் சேரட்டும்.” நஸ்ரீன் அழுத்தி, புதிதாக ஒன்று போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வேதாசலத்தின் சட்டைப்பையில் வைத்தாள். கட்சிக்காரர் தவிர வேறொருவர் தன் பையில் ஏதாவது வைத்தது அதுவே முதல் தடவை என்று வேதாசலம் சொல்வார்.

புதன்கிழமைதான் அந்த அதிசயம் நடந்தது. வேலைக்கு நடுவில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, இப்போதே செய்யவா, பிறகு நினைவுபடுத்தவா என்று கேட்டது.

குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “வாய்தா வேணுமான்னு கேக்குதய்யா.”

“கேக்காமலே கொடுக்குது சார்,” என்றார் வேதாசலம்.

“எத்தனை ஜட்ஜைப் பார்த்தாச்சு. காய்ச்சல், கல்யாணம், கருமாதின்னு எவ்வளவு காரணம் சொல்லியிருக்கோம். இது காரணமே கேக்கலை.”

‘பிறகு’ என்பதை அழுத்தினார்கள். பெட்டி மரியாதையாக மறைந்தது. மத்தியானம் மறுபடி வந்தது. மறுபடி ‘பிறகு’. ஒரு வக்கீலிடம் வாய்தா வேண்டுமா என்று கேட்டு, அவர் வேண்டாம் என்று சொன்னதாக எருக்கம்பட்டில் சரித்திரம் கிடையாது.

“ஏதாவது ஒரு தடவை ‘இப்போதே’ கொடுத்துடுங்க சார்,” என்றாள் நஸ்ரீன். “ரொம்பத் தள்ளிப்போட்டா ஒருநாள் அதுவே ஆரம்பிச்சுடும்.”

“சின்னப் பொண்ணு. தொழில் தெரியலை,” என்றார் சீனியர், அவள் போன பிறகு.

வியாழக்கிழமையோடு வகுப்பு முடிந்தது. மூன்று பேருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டு நஸ்ரீன் பஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாம் தயார். அப்பீல் மனுவை வேதாசலமே எழுதியிருந்தார். எல்லாப் பக்கங்களையும் உள்ளே ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. அதை அழுத்தினால், ‘நிச்சயமாகச் சமர்ப்பிக்கிறீர்களா?’ என்று திரை கேட்டது.

வேதாசலம் ‘ஆம்’ என்பதை அழுத்தக் கையை நீட்டினார். சீனியர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“வாதம் பண்ணும்போது ஜட்ஜ் தலையைத் தூக்கி ‘நிச்சயமா?’ன்னு கேட்டா என்னய்யா அர்த்தம்?”

“நம்ம பக்கம் ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் சார்,” என்றார் வேதாசலம்.

“அப்ப என்ன பண்ணுவோம்?”

“கட்சிக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லுவோம்.”

“பின்னே?”

மூவரும் கோட்டோடு மில்லுக்குக் கிளம்பினார்கள். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் மூவரும் வரிசையாகத் தும்மினார்கள். சிங்காரவடிவு தலையில் முண்டாசோடு வந்தாள்.

“என்ன வேதா, போட்டாச்சா?”

“போடத்தான் அக்கா போனோம். நிச்சயமான்னு கேக்குது.”

“யாரு கேக்குறா?”

“கம்ப்யூட்டர்.”

“அதுக்கு என்னவாம்? எங்க மில்லுல வந்து அரிசி மாவு அரைச்சிருக்குதா?”

“கேள்வின்னு வந்துட்டா அம்மா, பதில் உங்க வாயால வரணும்,” என்றார் குஞ்சிதபாதம், கண்ணைத் துடைத்தபடி. “யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை.”

“அஞ்சு மணிக்கு மில்லு போயிடும்னு நீங்கதானய்யா சொன்னீங்க. நிச்சயம்தான், நிச்சயம்தான், போய்ப் போடுங்க.”

“ரெண்டு தடவை சொல்றாங்களே, சந்தேகத்துல சொல்றாங்களோ?” என்றான் பூங்குன்றன். அவன் சொந்தமாகப் பேசியது அந்த வாரத்தில் அது ஒன்றுதான். அதை அலசவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு சிங்காரவடிவு துடைப்பத்தை எடுத்ததால் சந்தேகம் தீர்ந்தது.

ஆபீஸுக்கு ஓடி வந்து பார்த்தால் திரை நீலமாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம் என்றது. ஆளில்லாத நேரத்தில் பெட்டி வந்து கேட்டிருக்கிறது. வாய்தா கேட்க யாரும் இல்லை.

குஞ்சிதபாதம் நெற்றியில் கையை வைத்தார். “நாம ஆஜராகலை. எக்ஸ்பார்ட்டி ஆர்டர் போட்டுடுச்சு.”

“தப்பு நம்மளுதுதான் சார். ஒருத்தரையாவது உக்கார வச்சுட்டுப் போயிருக்கணும்.”

மூவரும் கை கட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ஐந்து அடித்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேதாசலம் அக்காவை நினைத்தார், மில்லை நினைத்தார், துடைப்பத்தை நினைத்தார். தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சீனியர் கையைத் தட்டிவிட்டிருக்கலாம் என்றும் நினைத்தார்.

“அழாதேய்யா,” என்றார் குஞ்சிதபாதம். “புதன்கிழமையிலேர்ந்து இது நமக்கு எத்தனை வாய்தா கொடுத்தது?”

“கணக்கில்லை சார்.”

“வாய்தா கொடுத்த காலத்தைக் கெடுவுல சேர்க்கலாமா? கழிக்கணுமா இல்லையா?”

வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “கழிக்கணும் சார்.”

“கழிச்சா?”

“கழிச்சா… வெள்ளிக்கிழமையே இன்னும் வரலை சார்.”

“ஆமாம் சார்,” என்றான் பூங்குன்றன், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு.

இதை யார் ஒத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தாசில்தாரின் வக்கீல் குலோத்துங்கன் ஒத்துக்கொண்டார். தீர்ப்பை நிறைவேற்றி மில்லைப் பூட்டுவதற்கு அவரும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் மனுப் போட வேண்டும். அவரும் அடுத்த வாரம் அதே வகுப்பில் படித்துத் தேறினார். ஒருநாள் டீக்கடையில் குஞ்சிதபாதமும் அவரும் சந்தித்தார்கள்.

“உங்களுது எப்படி அண்ணே? கேட்டா கொடுக்குதா?” என்றார் குலோத்துங்கன்.

“தங்கமான கம்ப்யூட்டர். உங்களுது?”

“நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா வந்து கேக்குது அண்ணே. எப்படி வேணாம்னு சொல்றது? மனசு வரலை.”

இரண்டு கம்ப்யூட்டரும் வாய்தா கொடுத்து முடிக்கும்வரை அப்பீலுக்கும் கெடு வராது, தீர்ப்புக்கும் வேலை வராது என்று அங்கேயே முடிவாயிற்று. அதன்படி தினம் காலையில் குஞ்சிதபாதம் கம்ப்யூட்டரைத் திறப்பார், அன்றைய ‘பிறகு’வை வாங்கிக்கொள்வார், மூடுவார். புதுப்பிப்பதற்கு அதற்கு எப்போதும் ஏதாவது புதிதாக இருந்தது. மறுபடி எக்ஸ்பார்ட்டி ஆகிவிடக் கூடாது என்று பூங்குன்றனை அதன் எதிரிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

தாசில்தார் சபாநாயகம் சில மாதம் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தலையணையோடு தன் வக்கீலின் ஆபீஸுக்கே போய்த் தூங்க ஆரம்பித்தார். வேலை நடக்கிற சத்தமே இல்லாத இடம் அந்த ஊரில் அதுபோல் வேறில்லை என்று அவரே சொன்னாராம்.

சிங்காரவடிவு கேஸ் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள். வருஷா வருஷம் பொங்கலுக்கு ஆபீஸுக்கு மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினாள்.

இத்தனை காலம் நான் நம்பாத பகுதி இதுதான். போன மாதம் எருக்கம்பட்டுப் பக்கம் ஒரு சாவுக்குப் போனவன், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று மனம்விட்டுத் தும்மினேன்.

எனக்கும் ஒரு கேஸ் இருந்தது. வீட்டுப் பின்சுவர் விவகாரம். என் வக்கீல் பட்டணத்தில் படித்த மகா கெட்டிக்காரர். எந்த மனுவையும் கெடுவுக்கு முன்பே போட்டார். ஒரு வாய்தா வாங்கியதில்லை. எட்டே மாதத்தில் தோற்றேன். சுவரை இடித்துவிட்டார்கள். இப்போது வீட்டையே கேட்கிறார்கள்.

வேதாசலம் ஆபீஸ் வாசலில்தான் இருந்தார். அவரைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக என்னென்னவோ குறுக்குக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்த எனக்கு, கடைசியில் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

“அண்ணே, உங்க ஆபீஸ்ல புதுசா கேஸ் எடுத்துக்கிறீங்களா?”