தலை குனிந்த கமான் பட்டை

ஆறுக்குட்டி மேஸ்திரி புளுக ஆரம்பித்தால் லாரிகூட எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்கும் என்பது நாமக்கல்லில் அந்தப் பட்டறைக்கு இருந்த பெயர். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள் ஆன பூமதிக்கு அதுதான் தலைவலி. குழியில் குலுங்காமல் லாரியைத் தாங்கும் வில் போன்ற கமான் பட்டைகள் தளர்ந்துவிட்டால், மேஸ்திரி அடித்து வளைத்துக் கொடுப்பார். லாரிக்கு மாட்டுமுன் அவற்றை அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இவள் வேலை. ஆனால் கதை கேட்ட மயக்கத்தில் லாரிக்காரர்கள் சோதனையை மறந்து மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று வந்தவர் செங்கோடன். முட்டை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போக வேண்டியவர்.

"மாட்டிருங் மேஸ்திரி, நேரமாச்சு."

"ஒருக்கா அழுத்திப் பாத்துக்கறனுங்க," என்றாள் பூமதி. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மலை வளைவில் பட்டை உடைந்தால்? பட்டையின் உச்சிக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அழுத்தும் எந்திரத்தை இறக்கினாள்.

"என் பட்டைக்கே சோதனையா அம்மிணி?" மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போன வருசம் ஒருத்தரு வண்டி நிறைய முட்டையோட கெணறாட்டம் ஒரு குழியில உட்டுட்டாரு. ஒரு முட்டைகூட ஒடையலயே!"

"அது நடக்கறதுதானுங்," என்றார் செங்கோடன்.

"அடுத்த குழி அதைவிடப் பெருசு. பட்டை அழுந்தி, எவ்வி, வண்டியைச் சுங்கச்சாவடிக்கு மேல வானத்துக்கே தூக்கிப் போட்டுருச்சு. கீழ சுங்கம் வாங்கறவரு காசுக்கு நீட்டின கை நீட்டினபடி நிக்கறாரு."

"ஏனுங், அப்பறம்?"

"எறங்கவே மூணு வாரம். சூரியனுக்குக் கிட்ட இல்லீங்களா, அத்தனை முட்டையும் மேலயே பொரிஞ்சிருச்சு. முட்டை ஏத்தினவரு கோழி எறக்கினாரு!"

பூமதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயமும் கொஞ்சம் விட்டது.

"மேஸ்திரி, பட்டைங்கறது அழுத்தறப்ப வாங்கினதை உள்ள வெச்சிருந்து, விட்டதும் திருப்பிக் குடுக்கும். முட்டையை வாங்கிட்டுக் கோழியெல்லாம் குடுக்காதுங்க. எல்லை தாண்டிட்டா, வாங்கினதையே முழுசாக் குடுக்காது. வளைஞ்சது வளைஞ்சபடி நின்னுரும்."

சொல்லிக்கொண்டே எந்திரத்தைத் தூக்கினாள். பட்டை எழும்பியது; கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றுவிட்டது. மூவரும் காத்திருந்தார்கள். அது அசையவில்லை.

செங்கோடன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கோட்டைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், கண்ணே சிமிட்டாமல் சொன்னார்:

"அது தளரல அம்மிணி. நீங்க படிச்ச புள்ளைன்னு தெரிஞ்சு மரியாதையாத் தலை குனியுது."

பூமதி கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினாள்.

"அவ்வளவு மரியாதை தெரிஞ்சது பட்டறையிலயே இருக்கட்டுங்க. அண்ணனுக்கு மரியாதை தெரியாத புதுப் பட்டை ஒண்ணு எடுத்து மாட்டுங்."