ஒரே ஒரு கிண்ணம்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசக்கூடாது.

ஆறுகளுக்கெல்லாம் பேர் வைக்காத காலத்தில் திருமேனிராயன் என்று ஒரு ராஜா இருந்தார். ரொம்ப நல்ல ராஜா. காலையில் கள், மத்தியானம் கள், சாயங்காலம் கள். நடுவில் நேரம் கிடைத்தால் ராஜ்ஜியம்.

கால் வீங்கியது. கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை. வைத்தியர் கருவூரான் வந்து நாடி பார்த்தார்.

"கள்ளை விட்டுடுங்க மகாராஜா."

"வேணும்னா உன்னை விட்டுடறேன்."

வைத்தியர் பாவம், இறங்கி வந்தார். "சரி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு கிண்ணம்."

"ராஜவாக்கு! ஒன்றுக்கு மேல் தொடமாட்டேன்."

வாக்குத் தவறுவாரா? அதனால் குயத்தி சிட்டாயியைக் கூப்பிட்டு, செம்பளவுக்கு ஒரு கிண்ணம் செய்யச் சொன்னார். அடுத்த வாரம் குடமளவு. அதற்கடுத்த வாரம் அண்டாவளவு. "ஒன்றோடு நிறுத்துகிறாரே, என்ன கட்டுப்பாடு!" என்று சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ராஜாவுக்குக் கோபம். "நீ சொன்னபடிதானே குடிக்கிறேன்? பௌர்ணமிக்குள் வீக்கம் வடியாவிட்டால் உன் தலை இருக்காது."

வைத்தியர் சிட்டாயியிடம் ஓடினார். அவள் மண் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க ஐயா. பெரிய கிண்ணம்தானே கேட்டாரு? உள்ளே பெரிய குழி வேணும்னு கேக்கலையே."

அண்டாவைவிடப் பெரிசாக ஒன்று செய்தாள். சுவரெல்லாம் மண், அடியெல்லாம் மண். உள்ளே மட்டும் பழைய சின்னக் கிண்ணத்தளவு குழி. நாலு பேர் தூக்கி வந்தார்கள். பார்த்ததுமே ராஜாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கட்டிப்பிடித்துச் சாய்த்துக் குடித்தார். ரெண்டு மடக்கு, காலி.

"என்னடி, தீர்ந்துபோச்சு?"

"முழுக் கிண்ணத்தையும் குடிச்சிட்டீங்க மகாராஜா. இன்னும் ஊத்தட்டுமா? அது ரெண்டாவது ஆகும்."

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜா வாயைத் துடைத்துக்கொண்டு, "போதும்" என்றார்.

பௌர்ணமிக்குள் வீக்கம் வடிந்தது. வைத்தியர் கழுத்தும் பிழைத்தது. "தன்னைத்தானே அடக்கிய வேந்தன்" என்று ராஜா கல்லில் வெட்டி வைத்தார். வெட்கமா, அவருக்கா?

எத்தனை கிண்ணம் என்று வாய் சொல்வது கணக்கில்லை, வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் உடம்புக்குக் கணக்கு.

அந்த மண்கிண்ணம் எப்போதோ உடைந்துபோனது. ஆனால் அந்த ராஜாவின் சொந்தக்காரர் ஒருத்தர் நம்ம வீட்டிலேயே... இதோ வந்துட்டேங்க! ஒரே ஒரு டம்ளர்தானே, அந்தப் பெரிய டம்ளரைத்தானே கொண்டு வரணும்?